வேண்டளவுத் தசமம்: பெருக்கல் பாடத்திற்கு ஒரு பெயர் வேண்டும்

ரோஸ் ஹில், மொரீசியசு

அன்புள்ள கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

சனிக்கிழமை மாலை வகுப்பில் பொருள்நோக்கு நிரலாக்கத்தைத் தமிழில் நடத்துகிறேன். ஜாவா என்னும் நிரல்மொழியில், தசம எண்களைத் துல்லியமாகக் கையாளும் பிக்டெசிமல் (BigDecimal) என்னும் நிரல் வகுப்புக்கு (class) ஒரு தமிழ்ப் பெயர் தேவைப்படுகிறது. பாடத்தாளை வெள்ளி இரவுக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். 19.95 ரூபாய்ப் பொருளுக்கு 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி சேர்க்க, விலையை 1.15 ஆல் பெருக்குவதுதான் எடுத்துக்காட்டு. அந்த நிரல் வகுப்பு 19.95 என்பதை 1995 என்ற முழு எண்ணாகவும், புள்ளிக்குப் பின் இரண்டு இடம் என்ற குறிப்பாகவும் பிரித்து வைத்திருக்கிறது. பெருக்கும்போது 1995 ஐ 115 ஆல் பெருக்கி 229425 எனக் கண்டு, இரண்டு இடத்தோடு இரண்டு இடத்தைக் கூட்டி, 22.9425 என்று ஓர் இலக்கமும் சிந்தாமல் தருகிறது. இத்தகைய எண்ணை ஆங்கிலத்தில் arbitrary-precision decimal என்பார்கள்; அகராதியைப் பின்பற்றினால் ‘தன்னிச்சைத் துல்லியத் தசம எண்’ என்று வரும். தன்னிச்சை என்பது சொற்கேளாப் பிள்ளைக்கு ஆகும் சொல். இங்கே எண் தன் விருப்பப்படி நடக்கவில்லை; நாம் வேண்டிய அளவுக்கு இலக்கங்களைத் தாங்குகிறது. ஆகவே ‘வேண்டளவுத் தசமம்’ என்று எழுதலாமா?

போர்ட் லூயி, மொரீசியசு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேண்டளவு நல்ல வினைத்தொகை. மூன்று காலத்துக்கும் விரியும். ஆனால் தசமம் என்னும் வடசொல் எதற்கு? பத்து என்னும் சொல் பதின் என்றாகிப் பதினொன்று, பதின்மூன்று என்று நிற்கும் மொழியில் ‘பதின்மம்’ இயல்பாகவே கிடைக்கிறது. இன்னும் ஆழமாகப் போகலாம். ஒன்றுக்குக் கீழ்ப்பட்டவற்றை நம் முன்னோர் கீழ்வாய் இலக்கம் என்றார்கள். முந்திரி என்பது 320 இல் ஒரு பங்கு, அதாவது 0.003125, ஆறு இடம். முந்திரியை முந்திரியால் பெருக்கினால் கீழ்முந்திரி, 1,02,400 இல் ஒரு பங்கு, அதாவது 0.000009765625, பன்னிரண்டு இடம். ஆறும் ஆறும் பன்னிரண்டு என்ற தங்கள் பாடம் பழைய வாய்பாட்டு நூலான எண்சுவடியிலேயே இருக்கிறது! ‘வேண்டளவுக் கீழ்வாயெண்’ என்று சூட்டுமாறு வேண்டுகிறேன்.

சேன் தெனி, ரீயூனியன்

ஐயா, முந்திரிக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துச் சிலிர்த்துப்போனேன். ஆயினும் கீழ்வாயெண் என்றால் ஒன்றுக்குக் குறைந்தது என்றுதானே பொருள்? 19.95 அதில் எப்படி அடங்கும்? ‘புள்ளியெண்’ என்று யாரும் முன்மொழிந்துவிடக் கூடாது என்பதற்காகவும் இதை எழுதுகிறேன். இங்கே பிரெஞ்சு முறைப்படி 19,95 என்று காற்புள்ளி இட்டே எழுதுகிறோம். எண்ணில் புள்ளியைக் காணாத பிள்ளைக்கு அந்தப் பெயர் குழப்பமாகும்.

ரோஸ் ஹில்

ஐயா, அம்மா, இருவருக்கும் நன்றி. முந்திரிக் கணக்கை முதல் பயிற்சியாகவே சேர்த்துக்கொள்கிறேன். பெயரில் மட்டும் மாறுபடுகிறேன். பதின்மர் என்றதும் ஆழ்வார் பதின்மர் நினைவுக்கு வருகிறார்கள். பதின்மம் என்றால் பத்துப் பேர் கூடிய அவையோ என்று என் மாணவர் கேட்பார். தசமம் தமிழகப் பாடநூலிலும் இலங்கைப் பாடநூலிலும் பழகிய சொல். வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்திய சொல்லைத் தொல்காப்பியரே ஏற்றிருக்கிறார். வீட்டில் கிரியோல் பேசி, வாரத்தில் சில மணி நேரம் மட்டும் தமிழோடு இருக்கும் பிள்ளையிடம் ஒரே நாளில் இரண்டு புதுச் சொற்களை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

என்னை இதைவிட உறுத்துவது வேறொன்று. சென்ற வாரம் ஒரு மாணவி ‘விலை.பெருக்கு(வரி)’ என்று ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் விலையை அச்சிட்டாள். திரையில் 19.95 மாறாமல் நின்றது. விலை என்னும் அந்த நிரற்பொருள் (object) மாறாப் பொருள். பெருக்கிய விடை புதிய நிரற்பொருளாகப் பிறக்கிறது, அதைப் பெயரிட்டு வாங்கிக்கொள்ளாவிட்டால் போய்விடும். ‘பெருக்கு’ என்னும் ஏவல்தான் அவளைத் தவறவிட்டது என்று நினைக்கிறேன். ‘விலை.பெருக்கம்(வரி)’ என்று பெயர்ச்சொல்லாக வைத்தால், கையில் ஏதோ தரப்படுகிறது என்பது சொல்லிலேயே விளங்கும் அல்லவா?

போர்ட் லூயி

பெருக்கம் என்றால் வெள்ளப் பெருக்கமும் மக்கட் பெருக்கமும் முன்னே வந்து நிற்கும். ‘பெருக்குதொகை’ பொருந்துமா என்று பாருங்கள். தசமத்தை இப்போதைக்கு அச்சிடுங்கள். நான் உடன்பட்டேன் என்று மட்டும் எழுதவேண்டாம்.

ரோஸ் ஹில்

‘வேண்டளவுத் தசமம்’ என்றே தாள் அச்சுக்குப் போய்விட்டது. பெருக்கமா பெருக்குதொகையா என்று முடிவாகாததால், அந்த இடத்தைக் கோடிட்டு விட்டிருக்கிறேன். சனிக்கிழமை மாணவர்களையே கேட்டு எழுதுகிறேன்.