சிற்றோடையில் நனைந்து நடக்க எந்தக் காலணி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சரளைக்கல்:
வணக்கம். கோடையில் சின்ன ஓடைகளில் டிரவுட் என்கிற குளிர்நீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கப் போகும்போது இடுப்புவரை வரும் ரப்பர் கால்சட்டையை வீட்டில் வைத்துவிட்டு, நனைந்துகொண்டே இறங்குகிறவன் நான். நான்கு கோடையாக இப்படித்தான். காலில் மட்டும் பழைய கனத்த பூட்ஸ். அந்த ரப்பர் கால்சட்டையோடு போடுவதற்கென்றே செய்தது, அகலமானது, உள்ளே தடிமனாக மெத்தை வைத்தது.

போன வாரம் விழுந்தேன். முழங்காலில் நல்ல அடி. பாறையில் வழுக்கி விழவில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மாலை நான்கு மணி இருக்கும். காலையிலிருந்து நடந்த களைப்பு. கரையேறிப் புதருக்குள் போகும்போது குறுக்கே ஒரு வேர். தாண்டிவிட்டதாக நினைத்தேன், கால் அவ்வளவு உயரம் எழவில்லை. வீட்டுக்கு வந்து பூட்ஸைத் தராசில் வைத்தேன். ஒற்றைப் பூட்ஸ் 1,150 கிராம். காய்ந்தபின் அதே பூட்ஸ் 780. வழியெல்லாம் வடிந்தது போகவும், ஒவ்வொரு காலிலும் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் தங்கியிருக்கிறது.

அந்த ஓடையின் அகலமே மூன்று நான்கு மீட்டர். முழங்காலுக்கு மேல் தண்ணீர் வருவது மடுவில் மட்டும். மடுவில் நாம் இறங்குவதில்லை, மீன் அங்கேதானே இருக்கிறது. நாலு வீச்சு, அப்புறம் கரையேறி அடுத்த மடு. எட்டு கிலோமீட்டர் நடந்த நாளில் தண்ணீருக்குள் நின்றது இரண்டு மணி நேரம்கூட இருக்காது. பெரிய ஆற்றில் இடுப்பளவு நீரில் நிற்பவர்களுக்கான பூட்ஸ் எனக்கு எதற்கு? லேசான காலணிக்கு மாறியவர்கள் என்ன போடுகிறீர்கள்? விழுந்த கதையும் சொல்லுங்கள், அதுதான் அதிகம் உதவும்.

மடுவோரம்:
செருப்பு வகைக்குப் போய்விடாதீர்கள். நான் போனேன். பட்டை வைத்த, விரல் தெரிகிற செருப்பு. முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். அப்புறம் நீருக்குள் கண்ணுக்குத் தெரியாத கல்லில் பெருவிரல் மோதி நகம் பாதி பெயர்ந்தது. தெளிந்த நீரிலும் கல் இருக்கும் ஆழத்தைக் கண் தப்பாகத்தான் சொல்கிறது, உண்மையில் இருப்பதைவிட மேலே இருப்பதுபோல் காட்டும்.

அடுத்து, விரலை மூடிய செருப்பு வாங்கினேன். நகம் தப்பித்தது. ஆனால் பக்கவாட்டுத் துளைகளில் பொடிக்கல் உள்ளே வந்துவிடும், வெளியே போகாது. பாதத்துக்கும் சோலுக்கும் நடுவில் ஒரு பட்டாணி அளவு கல் இருந்தால் போதும், பத்து அடிக்கு ஒரு முறை நின்று காலை உதற வேண்டும். ஒரு முறை அப்படி ஒற்றைக் காலில் நின்று உதறும்போதுதான் நிலை தடுமாறி உட்கார்ந்தேன். கல் வராமல் மூடியிருக்க வேண்டும், தண்ணீர் மட்டும் போக வேண்டும். அந்த மாதிரி ஷூவைத் தேடுங்கள்.

நீர்ச்சுழி:
மிதக்கும் காலணியும் வேண்டாம். நுரை ரப்பரில் செய்த, காலை நுழைத்துக்கொள்ளும் வகை. சேற்றில் ஒன்று கழன்றது, திரும்பிப் பார்ப்பதற்குள் ஓடை கொண்டுபோய்விட்டது. இரண்டு கிலோமீட்டர் ஒற்றைச் சாக்ஸோடு திரும்பினேன். நாடா கட்டாத எதையும் அன்றிலிருந்து தண்ணீருக்குள் போடுவதில்லை.

பாசிப்பாறை:
எடையைப் பற்றிப் பேசுகிறோம், சரி. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது சோல். முப்பது வருடமாக இறங்குகிறேன், மூன்று வகையும் போட்டிருக்கிறேன்.

ஃபெல்ட் என்கிற கம்பளி மாதிரியான சோல், பாசி படிந்த பாறையில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் கரையேறியதும் ஈர மண்ணிலும் புல்லிலும் அது பனிச்சறுக்குப் பலகை மாதிரி. உங்கள் கதையில் பாதி நாள் கரையில்தான் நடக்கிறீர்கள், தம்பி. ஒரு முறை சரிவான புல்வெளியில் இறங்கும்போது இரண்டு காலும் ஒரே சமயத்தில் முன்னால் போய், முதுகு தரையில் பட விழுந்தேன். ஓடைக்குள் அன்று ஒரு தடவைகூடக் கால் நழுவவில்லை.

நான் ஃபெல்ட்டை நிறுத்தியதற்கு அது காரணமில்லை. ஃபெல்ட் சீக்கிரம் காயாது, அதுதான் காரணம். அந்த ஈரத்தில் நுண்ணுயிர்கள் உயிரோடு அடுத்த ஓடைக்குப் பயணம் போகின்றன. நியூசிலாந்தில் 2004-இல் டிடிமோ என்ற பாசியைக் கண்டுபிடித்தார்கள். ஆற்றுப் படுகை முழுவதும் பழுப்பு நிறக் கம்பளம் மாதிரி மூடிவிடும். அங்கே 2008-இல் தூண்டில்காரர்கள் ஃபெல்ட் சோல் போடவே தடை வந்தது. அமெரிக்காவில் மேரிலாந்து 2011-இலும் அலாஸ்கா 2012-இலும் தடை செய்தன, யெல்லோஸ்டோன் பூங்காவில் 2018 முதல் கூடாது. எனவே எங்கே போனாலும் அந்த இடத்து விதியை முதலில் பாருங்கள். தடை இல்லாத இடத்திலும் நான் போடுவதில்லை. ஒரு சிற்றோடையில் இருக்கும் டிரவுட் எத்தனை? என் காலணியால் அதற்கு ஒரு கேடு வந்தால் எனக்குத் தூக்கம் வராது.

ரப்பர் சோல் எல்லாம் ஒன்றல்ல. நகத்தால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி கெட்டியாக இருந்தால் ஈரப் பாறையில் உதவாது, கொஞ்சம் அமுங்கினால் பிடிக்கும். மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் வழுவழுப்பான பாசியில் எந்த ரப்பரும் திணறும். அங்கே டங்ஸ்டன் கார்பைடு என்கிற மிகக் கெட்டியான பொருளில் செய்த ஆணிகளை சோலில் திருகிக்கொள்ளலாம். அதற்கு சோல் தடிமனாக இருக்க வேண்டும், மெல்லிய ஓட்டக் காலணியில் ஆணி உள்ளே வந்து பாதத்தைக் குத்தும். இன்னொன்று, ஆணி கல்லில் பட்டால் டக்கென்று சத்தம். நீருக்குள் சத்தம் காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போகும். டிரவுட் அதைக் காதாலும், நீரின் அதிர்வை உணர உடம்பின் பக்கத்தில் இருக்கும் பக்கக்கோட்டாலும் உணரும். பெரிய ஆற்றில் பரவாயில்லை. மூன்று மீட்டர் ஓடையில் அந்த ஒரு சத்தம் மடுவையே காலி செய்துவிடும்.

மலைச்சாரல்:
நான் மூன்று கோடையாக மலைப்பாதை ஓட்டக்காரர்கள் போடும் ஷூதான் போடுகிறேன். ஒற்றை ஷூ 300 கிராமுக்குக் கீழே. மேல்பகுதி வலைத் துணி, தண்ணீர் வந்த வேகத்தில் வடியும். வாங்கியதும் நான் செய்யும் சோதனை இது: ஷூவை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, குதிகாலைக் கீழே வைத்துத் தொங்கவிடுவேன். ஒரு நிமிடம் கழித்தும் சொட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே நுரை மெத்தை அதிகம் என்று அர்த்தம். 'வாட்டர் ப்ரூஃப்' ஷூ என்றால் இன்னும் மோசம். மேலே வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியே இல்லை.

முதல் வருடம் தவறு செய்தது அளவில். வழக்கமான அளவை வாங்கி, உள்ளே 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் சாக்ஸைப் போட்டேன், நனைந்தாலும் சூடு காக்கும் நுரை ரப்பர் வகை. இறங்கும் பாதையில் விரல் நுனி முட்டி இரண்டு நகம் கறுத்தது. அடுத்த ஜோடி அரை அளவு பெரிது. சாக்ஸைக் கடைக்கே கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். முன்னால் விரலுக்கு இடம் வேண்டும், குதிகால் மட்டும் துளியும் மேலெழக் கூடாது. குதிகால் எழுந்தால் மணல் உள்ளே போய், ஈரத் தோலில் உரசி, மதியத்துக்குள் கொப்புளம்.

வலைத் துணியில் ஒரு குறை உண்டு. நுண்மணல் ஊடுருவும். சாக்ஸின் மேல்பகுதியை ஷூ வாய்க்கு வெளியே மடித்து விட்டால் பெரிய கல் வராது, மணல் வரத்தான் செய்யும். மதியம் ஒரு முறை கழற்றி அலசிவிடுகிறேன். கணுக்காலுக்கும் பிடிமானம் கிடையாது. உருளும் கற்கள் நிறைந்த ஓடைக்கு, கணுக்காலை மூடும் லேசான பூட்ஸ் வகை ஒன்று வைத்திருக்கிறேன். எல்லா ஓடைக்கும் ஒரே ஷூ என்று எனக்கு அமையவில்லை.

விடியல்வீச்சு:
குளிரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டிரவுட் இருக்கிற தண்ணீர் குளிர்ந்ததாகத்தான் இருக்கும். வெயில் சுடுகிறதே என்று மெல்லிய சாக்ஸோடு காலையிலேயே இறங்கினேன். தண்ணீர் 9 டிகிரி. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். இருபது நிமிடத்தில் பாதம் மரத்தது. மரத்த பாதத்துக்குக் கல் ஆடுகிறதா, நிலையாக இருக்கிறதா என்பதே தெரியாது. ஆடும் கல் மேல் முழு எடையையும் வைத்து விழுந்தேன், மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது. இப்போது அதிகாலைக்கு 3 மில்லிமீட்டர் நியோப்ரீன், வெயில் ஏறியபின் கம்பளி சாக்ஸ். பருத்தி சாக்ஸ் நனைந்தால் சில்லென்றுதான் இருக்கும், விட்டுவிடுங்கள். கையில் ஓர் ஊன்றுகோல் இருந்தால் லேசான ஷூவின் குறை பாதி தீரும்.

மெல்லிய சோலில் அடியில் இருக்கும் கல் நன்றாகத் தெரியும், எனக்கு அது பிடித்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் பாசியில்லாத, புதிதாகக் கிளறிய வெளிர் நிறச் சரளைத் திட்டைப் பார்த்தால் சுற்றிப் போங்கள். பழுப்பு டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் முட்டையிடும் காலம் அது. ஷூ எவ்வளவு லேசாக இருந்தாலும் சரளைக்குள் இருக்கும் முட்டை நசுங்கிவிடும்.

சரளைக்கல்:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். மலைச்சாரல் சொன்ன வகையில், அரை அளவு பெரிதாக, ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்த்து வாங்கினேன். ஒற்றை ஷூ 290 கிராம், நனைந்து வடிந்தபின் 410. மூன்று முறை அதே ஓடைக்குப் போய்வந்தேன். மாலையில் கால் எழுகிறது, அதே வேரை யோசிக்காமல் தாண்டினேன். இரண்டாம் முறை போனபோது, பாசி படிந்த சரிவுப் பாறையில் ஒரு தடவை நழுவியது. பாசிப்பாறை அண்ணா சொன்னது அங்கேதான் உறைத்தது. ஆணி அடிக்கவில்லை, அந்தப் பாறையைச் சுற்றிப் போகிறேன்.

ஷூவைத் தேய்த்துக் கழுவி, உள்தகட்டை உருவி, நாடாவைத் தளர்த்தி ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். முழுக்கக் காய்ந்தபிறகும் 48 மணி நேரம் அப்படியே விட வேண்டும் என்கிறது நியூசிலாந்து விதிமுறை, அதையே எனக்கும் வைத்துக்கொண்டேன். இன்று புதன். நாக்குப் பட்டையின் உட்புறம் தொட்டுப் பார்த்தால் இன்னும் ஈரம். சனிக்கிழமை வேறொரு ஓடைக்குப் போவதாக இருந்தேன், ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.