சவுல் காத்திருந்தும் கண்டிக்கப்பட்டான், யோனத்தான் துணிந்தும் ஜெயித்தான்: எப்படி விளக்குவது?

பிலேமோன்:
வாலிபர் வேதபாடத்துக்கு 1 சாமுவேல் 13, 14 எடுத்திருக்கிறோம். கில்காலில் ஏழு நாள் காத்திருந்து, தீர்க்கதரிசி சாமுவேல் வராததால் தானே பலியிட்ட ராஜா சவுலைச் சாமுவேல் கடிந்துகொள்கிறார். சவுலின் மகன் யோனத்தானோ தகப்பனுக்குக்கூடச் சொல்லாமல் ஆயுததாரியோடு பெலிஸ்தரின் தாணையத்தின்மேல் (காவல்படை முகாமின்மேல்) ஏறுகிறான், ஜெயம் கிடைக்கிறது. காத்திருக்கச் சொல்வதா, துணியச் சொல்வதா?

பெரேயா:
13ஆம் அதிகாரத்துக்கு முன் 10:8ஐ வாசிக்க வையுங்கள், ஐயா. "நான் வரும்வரை ஏழு நாள் காத்திரு, செய்யவேண்டியதை நான் அறிவிப்பேன்" என்று சவுலுக்குத் தெளிவான கட்டளை இருந்தது. எதிரே 6,000 குதிரைவீரர், ஜனங்கள் சிதறி ஓடுகிறார்கள், பயம் நியாயமானதுதான். ஆனாலும் சர்வாங்க தகனபலியை முடித்த உடனே சாமுவேல் வந்துவிடுகிறார். சமாதானபலிக்குக்கூட நேரமில்லை. அவ்வளவு கிட்டத்தில் வந்து கட்டளையை மீறினான்.

யோனத்தானுக்கு அப்படி ஒரு தடைக்கட்டளை இல்லை. பெலிஸ்தர் கையிலிருந்து ஜனத்தை மீட்பதற்கே அவன் தகப்பன் அபிஷேகம் பெற்றிருந்தான் (9:16). 14:6இல் அவன் "ஒருவேளை" என்றுதான் சொல்கிறான். ஜெயம் நிச்சயம் என்று அறிக்கையிடவில்லை. 14:9-10இல் நிற்பதற்கும் வழி வைக்கிறான்: பெலிஸ்தர் "நில்லுங்கள்" என்றால் நிற்போம், "ஏறிவாருங்கள்" என்றால் ஏறுவோம். இந்த இரண்டு வசனத்துக்கு வகுப்பில் அதிக நேரம் கொடுங்கள். துணிச்சலைப் பிரசங்கிக்கிறவர்கள் பலர் 6ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஆசாப்:
சகோதரர் சொன்னது சரி, ஒரு எச்சரிக்கை மட்டும். பெலிஸ்தரின் பதிலை யோனத்தான் அடையாளமாக வைத்ததை ஒரு வழிமுறையாகக் கற்றுக்கொடுத்தால், வேலைக்கும் கல்யாணத்துக்கும் வாலிபர்கள் அடையாளம் வைக்க ஆரம்பிப்பார்கள். யோனத்தான் செய்ததை வேதம் சொல்கிறது. எல்லாரும் அப்படிச் செய்யுங்கள் என்று கட்டளையிடவில்லை.

13:3ஐயும் விடாதீர்கள். கேபாவில் இருந்த தாணையத்தை யோனத்தான் முறியடித்த பிறகுதான் பெலிஸ்தர் படை திரண்டது. அவன் துணிச்சலுக்கு விலை இருந்தது.

சவுல் அவசரப்படுகிறவன் என்று மட்டும் சொன்னாலும் போதாது. 14:2இல் 600 பேரோடு மாதளமரத்தின் கீழே சும்மா இருக்கிறான். 14:19இல் ஆசாரியன் கர்த்தரிடம் விசாரிக்கத் தொடங்கியதும், பாளயத்தில் இரைச்சல் கூடுகிறதென்று "இருக்கட்டும்" என நிறுத்திவிடுகிறான். கேட்கவேண்டிய இடத்தில் கேட்காததுதான் இரண்டு அதிகாரத்திலும் அவனுடைய குறை.

பெரேயா:
அடையாளம் பற்றி ஆசாப் சொன்னதை ஏற்கிறேன். அப்படியானால் முடிவில் 2 சாமுவேல் 5:19-25ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே தாவீதுக்கு இரண்டு முறையும் அதே ரெப்பாயீம் பள்ளத்தாக்கு, அதே பெலிஸ்தர். முதல்முறை கர்த்தரிடம் விசாரித்தபோது "போ" என்று பதில் வந்தது. இரண்டாம்முறையும் தாவீது விசாரிக்கிறான். இப்போது நேரே போகாமல் பின்னாலே சுற்றி, முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் இரைச்சல் கேட்கும்வரை நிற்கவேண்டும். கேட்டதும் சீக்கிரமாய் எழும்பவேண்டும். காத்திருப்பும் துணிவும் ஒரே கட்டளைக்குள் இருக்கின்றன. பழைய பதிலை நம்பி நேரே ஏறியிருந்தால் அதுவும் கீழ்ப்படியாமைதான். நேரம் குறைவாக இருந்தால் 14:24இல் தொடங்கும், சவுல் ஜனங்களுக்கு இட்ட ஆணைப் பகுதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள், இதை விடவேண்டாம்.