தொழில்முறை டிரையத்லான் வீரர்களை நேரில் பார்த்த, பழகிய அனுபவங்கள்: இங்கே பகிருங்கள்

கெய்ன்ஸ்வாசி:

ஜூன் மாதம் வந்தால் ஆஸ்திரேலியாவில் எங்கள் ஊர் கெய்ன்ஸில் அயர்ன்மேன் பந்தயம். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற டிரையத்லானில் இது நீண்ட தூர வகை. பாம் கோவ் கடலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், கேப்டன் குக் நெடுஞ்சாலையில் 180 கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் ஒரு முழு மாரத்தான். வெளியூரிலிருந்து வரும் தொழில்முறை வீரர்களில் பலர் ஓட்டல் செலவுக்குப் பயந்து உள்ளூர்க்காரர் வீடுகளில் தங்குவார்கள். அப்படி ஒரு வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் வந்தார். பெயர் வேண்டாம். மேடை ஏறுகிறவர்களுக்குக் கொஞ்சம் பின்னால் வருகிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையைக் கீழே வைத்ததும் என் மனைவியிடம் அவர் சொன்னது இதுதான்: "காலை 5.30-லிருந்து 6.30-க்குள் யாராவது மணி அடித்தால் என்னை எழுப்பிவிடுங்கள். தூங்குகிறாள் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்."

ஊக்கமருந்து சோதனைக்காரர்களைச் சொல்கிறார். அவர்கள் எப்போது வேண்டுமானாலும் சோதிக்கிற வீரர்கள் பட்டியலில் பெயர் இருந்தால், தினமும் ராத்திரி எங்கே படுக்கிறோம், எந்த ஒரு மணி நேரம் எங்கே கட்டாயம் இருப்போம் என்று முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். பந்தயம் இல்லாத நாளிலும்தான். 12 மாதத்துக்குள் மூன்று முறை தவறினால் இரண்டு வருஷம் வரை தடை. எங்கள் வீட்டு முகவரியும் அதில் ஏறிவிட்டது.

நிஜமாகவே வந்துவிட்டார்கள். அந்தப் பெண் அப்போதுதான் பாத்ரூம் போய்விட்டு வந்திருந்தார். குறைந்தது 90 மில்லி சிறுநீர் வேண்டுமாம். சீக்கிரம் வரட்டும் என்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாலும் ஆகாது, நீர்த்துப்போயிருந்தால் மறுபடி கொடுக்கச் சொல்வார்கள். ஆக, எங்கள் ஹாலில் அவர் மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருக்க, எதிரே சோதனைக்கு வந்த அம்மா கண் எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். என் மாமியார் இருவருக்கும் காபி கலந்து கொண்டுவந்தார். அந்தப் பெண் கையைக் கூப்பி மறுத்துவிட்டார். சீல் உடைக்காத பாட்டிலைத் தவிர அந்த நேரத்தில் எதையும் தொட மாட்டார். மாமியாருக்கு முகம் விழுந்துவிட்டது. கடைசியில் பாத்ரூமுக்குப் போனபோது அந்த அதிகாரியும் கூடவே உள்ளே போனார். சிறுநீர் பாட்டிலில் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது விதி.

சாப்பாட்டிலும் இதே கதை. பந்தயத்துக்கு முந்தைய நாட்களில் உடம்பு எடையில் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 10 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும், நார்ச்சத்து கூடவே கூடாது. சாம்பார், பொரியல் எல்லாம் வேண்டாம். வெள்ளைச் சோற்றைத் தராசில் நிறுத்து, உப்புப் போட்டு, மேலே தேனை ஊற்றிச் சாப்பிட்டார்! பந்தயத்தில் மணிக்கு 90 கிராமுக்கு மேல் சர்க்கரை குடித்தும் குமட்டாமல் இருக்க வயிற்றையே மாதக்கணக்கில் பழக்குகிறார்களாம். பல் போய்விடுகிறது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

விடிகாலையில் எழுவது, உடம்பை முறிப்பது எல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, அதை ஆசையாகச் செய்கிறார்கள். சும்மா இருக்க முடியவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பக்கத்திலேயே கிரேட் பேரியர் ரீஃப். ஒரு நாள் படகில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால், வெயில், அலைச்சல், வயிறு, பதிந்து வைத்த நேரம் என்று நாலு காரணம். கடைசி வரை பார்க்கவே இல்லை.

எலும்பு வார்டு சிஸ்டர்:

நான் நேரில் பார்த்தது வீரர்களை அல்ல, 'ஹேலோ' போட்ட நோயாளிகளை. கழுத்தெலும்பு முறிந்தால் மண்டையைச் சுற்றி ஒரு வளையம் வைத்து, மண்டையோட்டில் திருகாணிகளை இறுக்கி, மார்பில் ஒரு கவசத்தோடு பிணைப்பார்கள். தினமும் அந்தத் திருகாணி இறங்கிய இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்தின் டிம் டான் கதை தெரிந்தவர்கள் இருப்பீர்கள். 2017 மே மாதம் பிரேசிலில் 7:40:23 நேரத்தில் முடித்து அயர்ன்மேனில் அதுவரை இல்லாத வேகம் காட்டியவர். அதே வருஷம் அக்டோபரில் ஹவாயின் கோனாவுக்கு உலகப் போட்டிக்குப் போனார். பந்தயத்துக்குச் சில நாள் முன்னால் சைக்கிளில் போகும்போது வண்டி மோதி, கழுத்தில் இரண்டாவது எலும்பு முறிந்தது. எலும்புகளை இணைத்து அறுவை செய்தால் கழுத்தைத் திருப்புவது குறைந்துவிடும், அப்புறம் பழைய மாதிரி பந்தயத்துக்குத் திரும்புவது கஷ்டம். அதனால் ஹேலோவைத் தேர்ந்தெடுத்தார். 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை 2 மணி 49 நிமிடத்தில் ஓடினார். எங்கள் வார்டில் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஹைட் பார்க் கூட்டத்தில் ஒருவன்:

2012 லண்டன் ஒலிம்பிக்கில் டிரையத்லானை டிக்கெட் இல்லாமலே ஹைட் பார்க்கில் நின்று பார்க்கலாம், போயிருந்தேன். அலிஸ்டர் பிரௌன்லீக்குத் தங்கம், தம்பி ஜானிக்கு வெண்கலம். ஏற வேண்டிய கோட்டுக்கு முன்னாலேயே சைக்கிளில் ஏறிவிட்டதற்காக ஜானிக்கு 15 விநாடி நிற்க வேண்டிய தண்டனை வேறு. முடித்ததும் சூட்டில் மயங்கிச் சரிந்துவிட்டார், பதக்கம் கொடுப்பதே தாமதமானது. அண்ணனுக்கு அந்த வருஷத் தொடக்கத்தில்தான் குதிகால் தசைநாண் கிழிந்திருந்தது. எங்களுக்கெல்லாம் அது ஒரு வேடிக்கை நாள், ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பின்சக்கரம்:

எல்லாம் சரி, ஆனால் இவர்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே? என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் கணவர் இந்த ஆட்டத்தில் இருந்தார். வாரக்கணக்கில் 2,000 மீட்டருக்கு மேலே மலையில் பயிற்சி முகாம். வீட்டில் இருந்தாலும் குழந்தைக்கு மூக்கு ஒழுகினால் அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு நண்பர் வீட்டுக்குப் போய்விடுவார். காய்ச்சல் குழந்தையை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கும் வந்தது அவள்தான். ஆண் வீரர் 'குடும்பத்தைத் தியாகம் செய்தேன்' என்று பேட்டி கொடுக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெண்களுக்கு அந்த வசதி ஏது? லண்டனில் தங்கம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஸ்பிரிக், முதல் பிள்ளையைப் பெற்றுவிட்டு ரியோவில் வெள்ளி வாங்கினார், மூன்று பிள்ளைகளோடு டோக்கியோவுக்கும் போனார். அமெரிக்காவின் செல்சி சொடாரோ குழந்தை பிறந்து 18 மாதத்தில், 2022-இல் கோனா உலகப் போட்டியில் ஜெயித்தார். அந்த நாட்களில் மனப்பதற்றத்தில் தவித்ததையும் அவரே வெளியில் சொன்னார்.

கெய்ன்ஸ்வாசி:

பின்சக்கரம் சொல்வதை மறுக்க மாட்டேன். எங்கள் விருந்தாளி வருவதற்கு முன்னால் மெயிலில் கேட்ட ஒரே கேள்வி, வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் உண்டா என்பதுதான். இருந்திருந்தால் வேறு வீடு பார்த்திருப்பார்.

எல்லாம் செய்தும் அவர் முடித்த இடம் வரைக்கும் பரிசுப் பணம் வரவில்லை. இப்போது பந்தயத்தை விட்டுவிட்டார். முப்பது தாண்டிய பிறகு வாழ்க்கையில் முதல் முறையாக வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது, 'முன் அனுபவம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று என் மனைவியிடம் கேட்டிருந்தார். அவள் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். விளம்பரதாரர்களைத் தானே தேடிப் பிடித்தது, வருஷக் கணக்கைத் தானே சமாளித்தது, நாடு நாடாகப் பயணத்தைத் திட்டமிட்டது எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். ஒரு நீச்சல்குளத்தில் மேலாளர் வேலை கிடைத்திருக்கிறது. சனி, ஞாயிறு விடுமுறையாம்.