கனடா கராஜில் வெடித்த முந்திரிகை ரசம்: பிழை என்னுடையதா, குளிருடையதா?

உரும்பிராய் அக்கா

வணக்கம். வீட்டோடு சின்னதாக நெல்லி ரசமும் முந்திரிகைப்பழ ரசமும் செய்து விற்கிறேன். (தமிழ்நாட்டுப் பிள்ளைகள் குழம்ப வேண்டாம், எங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை.) ஆவணியில் டொரொண்டோவில் இருக்கிற அண்ணை வீட்டுக்குக் கப்பல் பார்சலில் 24 போத்தல் அனுப்பினேன். 12 நெல்லி, 12 முந்திரிகை, எல்லாம் 750 மில்லி கண்ணாடிப் போத்தல். ஒன்றுகூட உடையாமல் போய்ச் சேர்ந்தது. பேஸ்மென்டில் இடமில்லை என்று மச்சாள் கராஜில் அடுக்கி வைத்திருக்கிறா.

போன கிழமை அங்கே இரவு மைனஸ் 20 வரை இறங்கினதாம். விடியப் பார்த்தால் முந்திரிகையில் ஏழு வெடித்துத் தரை முழுக்க ஊதா நிறம். மூன்றுக்கு மூடி மேலே கிளம்பி நிற்கிறது. இரண்டு தப்பிவிட்டது. நெல்லியில் ஒன்றும் உடையவில்லை, ஆனால் உள்ளே களி மாதிரி கலங்கிக் கிடக்கிறது.

அண்ணை வீடியோவில் எல்லாவற்றையும் காட்டிவிட்டுச் சொல்கிறார்: “பக்கத்தில நிண்ட விஸ்கிக்கு ஒண்டும் நடக்கேல்லை. நீ தண்ணியைக் கூட விட்டிட்டாய்.” இரவு முழுக்க நித்திரை இல்லை. எனக்குத் தெரிந்த குளிர் மார்கழிப் பனி மட்டும்தான். பிழை என் பக்கமா? மிச்சத்தைக் குடிக்கலாமா? உடைந்ததைத் துணியில் வடித்து எடுக்கலாமா என்று மச்சாள் வேறு கேட்கிறா.

ஸ்காபரோ மருமகன்

அக்கா, முதலில் மச்சாளிடம் சொல்லுங்கோ, வடிக்கிற கதையே வேண்டாம். துணியால் பிடிக்க முடியாத கண்ணாடித் தூள் இருக்கும். உடைந்தது குப்பைக்கு.

மூடி கிளம்பிய மூன்றும் அப்படித்தான். கராஜ் பகலில் இளகும், இரவில் திரும்ப உறையும். மூடி எப்போது விட்டது என்று யாருக்கும் தெரியாது, உங்கள் ரசமோ வீட்டில் காய்ச்சி அடைத்தது. ஊற்றிவிடச் சொல்லுங்கோ.

தப்பிய இரண்டையும் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி, ஒரு பாத்திரத்துக்குள் வைத்து ஒரு நாள் விடவேண்டும். சுடுதண்ணியில் இறக்கினால் அந்த இடத்திலேயே வெடிக்கும். இளகின பிறகு துடைத்து, வெளிச்சத்தில் பிடித்து மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஒழுகாமல், மூடி இறுக்கமாக இருந்தால் குடிக்கலாம். நெல்லிக்கும் இதேதான். அது இளகினதும் பழைய மாதிரி வரும், அடியில் மண்டி இருந்தால் குலுக்கினால் சரி.

கோண்டாவில் வாத்தி

தங்கச்சி, நீங்கள் தண்ணி கலக்கவில்லை. பழத்தில் இருக்கிற தண்ணியே போதும்.

தண்ணி உறையும்போது கிட்டத்தட்ட 9 வீதம் பெருக்கும். சீனி கூடக் கூட உறைகிற வெப்பநிலை கீழே இறங்கும், அதோடு ஒரே அடியாக உறையாது. பாதிக்குப் பாதி சீனி உள்ள பாணி மைனஸ் 7 அளவில்தான் உறையத் தொடங்கும். மைனஸ் 20இலும் முழுக்கக் கட்டியாகாது, ஐஸ் துகளும் கெட்டிப் பாணியும் கலந்த களியாக நிற்கும். உங்கள் நெல்லி ரசம் தண்ணி கலந்து குடிக்கிற, சீனி கூடின பாணி; அது தப்பியதற்குக் காரணம் அதுதான். முந்திரிகை அப்படியே குடிக்கிற ரசம், சீனி குறைவு. மைனஸ் 2, 3இலேயே தொடங்கி, மைனஸ் 20க்குள் பெரும்பகுதி ஐஸாகிவிடும்.

விஸ்கியில் மதுசாரம் 40 வீதம், அது உறைய மைனஸ் 26, 27 வேண்டும். 5 வீத பியரை அதே தட்டில் வைத்திருந்தால் மைனஸ் 2, 3இலேயே உறையத் தொடங்கியிருக்கும். அண்ணை விஸ்கியோடு ஒப்பிட்டது நியாயமில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். போத்தலை எதுவரை நிரப்பினீர்கள்?

உரும்பிராய் அக்கா

கழுத்து வரைக்கும். குறைத்து விட்டால் சனம் ஏமாத்து என்று சொல்லும்.

கோண்டாவில் வாத்தி

அப்போது கொஞ்சம் உங்கள் பக்கமும் இருக்கிறது. உங்கள் ரசம் அந்தக் குளிரில் 50 மில்லிக்கு மேல் இடம் கேட்கும். கழுத்தில் நீங்கள் விட்டது 10, 15 மில்லி இருக்குமா? குளிர் நாட்டுக்குப் போகிற போத்தலில் கழுத்துக்குக் கீழே, அகலம் ஒடுங்கத் தொடங்குகிற தோளோடு ரசத்தை நிறுத்துங்கள். அதுவும் முழுக் காவல் இல்லை. ஒடுங்கின கழுத்தில் முதலில் ஐஸ் அடைத்துக்கொண்டால் கீழே இருப்பதற்குப் போக வழியில்லை.

பிராம்ப்டன் பெடியன்

என் கராஜிலும் போன வருசம் சோடா ரின் எல்லாம் மேலும் கீழும் வீங்கி உருண்டு திரிந்தது. கம்பளி சுற்றினேன், பயனில்லை. கம்பளி சூடு தராது, இருக்கிற சூடு போவதைத்தான் பிந்தவைக்கும். ஒரு இரவுக்குச் சரி, மூன்று நாள் தொடர் குளிருக்குச் சரிவராது.

இன்னொன்று, போன் காட்டுகிற “மைனஸ் 30 மாதிரி உணரும்” என்ற கணக்கு எங்கள் தோலுக்கு. காற்று எவ்வளவு அடித்தாலும் போத்தல் காற்றின் உண்மையான வெப்பநிலைக்குக் கீழே போகாது.

கராஜில்தான் வைக்கவேண்டும் என்றால் பெரிய கதவுப் பக்கம் வேண்டாம், வீட்டோடு ஒட்டின சுவர்ப் பக்கம். எங்களைப் போல முன்வாசல் படிக்குக் கீழே கோல்ட் ரூம் (சாமான் வைக்கிற குளிர்ந்த அறை) இருந்தால் அங்கே மாற்றச் சொல்லுங்கோ, வெளிக் குளிர் நேரே படாமல் காற்றுத் துவாரத்தை மட்டும் பார்க்கவேண்டும். போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு மலிவு வெப்பமானி வைத்தால் சண்டையே வராது.

ஒரு புதினம்: தண்ணி மாதிரி இருந்த சோடாப் போத்தலைத் திறந்தேன், கண்முன்னால் மேலிருந்து கீழே வெள்ளையாக உறைந்துகொண்டு போனது. மகள் இன்னொன்றும் திறக்கச் சொல்லி அழுதாள்.

கோண்டாவில் வாத்தி

உறைநிலைக்குக் கீழே போயும் உறையத் தொடங்க ஒரு சாட்டு இல்லாமல் நின்றிருக்கிறது. திறந்ததும் வாயு குமிழி விட்டது, அந்தச் சாட்டுக் கிடைத்தது.

உரும்பிராய் அக்கா

எல்லாருக்கும் நன்றி. நேற்றுச் சந்தி ஐஸ்கிறீம் கடைக்காரத் தம்பியிடம் கெஞ்சி, அவருடைய பெரிய உறைபெட்டியில் முந்திரிகை இரண்டு போத்தல் பிளாஸ்டிக் வாளிக்குள் வைத்தேன். ஒன்று கழுத்துவரை, மற்றது தோளோடு. இன்று காலை முதலாவது அடியில் இருந்து நீளத்துக்குப் பிளந்து, கண்ணாடி கழன்றும் ரசம் போத்தல் வடிவத்திலேயே நின்றது. மற்றதுக்கு மூடிகூட அசையவில்லை.

இரண்டையும் படம் எடுத்து அண்ணைக்கு அனுப்பினேன். “சரி, தண்ணிக் கதையை விடுறன்” என்று ஒரு வரி வந்தது. நெல்லிப் போத்தல்களை உள்ளே எடுத்தாச்சா என்று கேட்டேன். இன்னும் இல்லையாம், கராஜில்தானாம்.