தரம் 1 நேர்முகத்துக்கு அம்மா என்ன உடுத்துப் போவது?

புளியந்தீவு அம்மா கேட்கிறார்:

என் மகளுக்கு வருகிற ஜனவரியில் தரம் 1. பாடசாலைக்கு விண்ணப்பம் போட்டு, நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை காலை எட்டரைக்கு. கணவர் கட்டாரில் இருக்கிறார், அதனால் நானும் மகளும் மட்டும்தான் போகிறோம். காணி உறுதி, வாக்காளர் இடாப்புப் பிரதி, கரண்ட் பில், தண்ணி பில் எல்லாம் பைலில் அடுக்கியாச்சு. உடுப்பு விஷயத்தில்தான் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

நான் பாமசியில் வேலை செய்கிறேன். தினமும் சல்வார்தான். சாறி என்றால் கலியாண வீடு, மாமாங்கக் கோயில் தீர்த்தம், அவ்வளவுதான். என்னிடம் கூறைச்சாறியும் ஒரு பட்டும், அம்மா உடுத்த இரண்டு நூல் சாறியும் இருக்கின்றன.

போன வருடம் அக்காவின் மகனுக்கு ஒரு கடிதம் எடுக்க வேறொரு பாடசாலைக்குப் போனேன். முழங்காலுக்குக் கீழே நன்றாக இறங்கிய பாவாடையும் கை வைத்த சட்டையும் போட்டிருந்தேன். வாசலில் நின்றவர் "சாறி உடுத்துக்கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தபோது அலுவலகம் பூட்டிவிட்டார்கள். அன்று தனியாகப் போனேன், பரவாயில்லை. இந்த முறை மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு முன்னால் அப்படி நடக்கக் கூடாது.

சாறிதானா, சல்வார் போதுமா? சாறி என்றால் எது? கச்சான் காற்று வேறு அடிக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஆரையம்பதி டீச்சர்:

மகள், நான் ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பதினொரு வருடம் தரம் 1 நேர்முகச் சபையில் இருந்திருக்கிறேன். முதலில் உங்கள் பயத்தைக் குறைக்கிறேன். புள்ளித் தாளில் உடுப்புக்கென்று ஒரு கட்டம் கிடையாது. வீடு கிட்ட இருப்பவர்களுக்கு 50 வீதம், பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு 25 வீதம், அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரர்களுக்கு 15 வீதம் என்று இடங்களைப் பிரித்திருப்பார்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் முதலாவது வகை. வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடமும் பெயர் இருக்கிறதா, உறுதி யார் பெயரில், உங்கள் வீட்டுக்கு இதைவிடக் கிட்ட வேறு பாடசாலை உண்டா, இதைத்தான் சபை பார்க்கும். கிட்ட இருக்கிற ஒவ்வொரு பாடசாலைக்கும் புள்ளி வெட்டுவார்கள். பட்டு உடுத்து வந்தாலும் வெட்டின புள்ளி வெட்டினதுதான்.

பிறகு ஏன் உடுப்பைப் பற்றி யோசிக்கவேண்டும்? ஒரு அம்மாவை எனக்கு இன்னும் மறக்க முடியவில்லை. வழுக்கிற துணியில் புதுச் சாறி. எங்களுக்கு முன்னால் இருந்த நேரம் முழுக்க இடது கை தோளில்தான், முந்தானையை விட்டால் கீழே வந்துவிடும். தலைக்கு மேலே மின்விசிறி சுழல்கிறது. இரண்டு வருடத்துக்கு முந்தின கரண்ட் பில்லைக் கேட்டேன். ஒற்றைக் கையால் பைலைத் தட்டித் தட்டிப் பார்த்தா. நெற்றியெல்லாம் வியர்வை. கடைசியில் "இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டா. சொன்ன கையோடு பைல் நழுவி, கடதாசியெல்லாம் மேசைக்குக் கீழே பறந்தது. பிள்ளை குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசையில் வைத்தாள். நான் கேட்ட பில் அதற்குள்ளேதான் இருந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான்: இரண்டு கையும் சும்மா இருக்கிற உடுப்பு. பட்டும் கூறையும் அலுமாரியிலேயே இருக்கட்டும். அம்மாவின் நூல் சாறியில் பழகினதை எடுங்கள். பல தடவை தோய்த்த நூல் உடம்போடு நிற்கும், வழுக்காது, வெயிலுக்கும் நல்லது. கடும் கஞ்சி போடவேண்டாம், இருந்து எழும்பும்போது முன்பக்கம் பலகை மாதிரி நிற்கும். உட்பாவாடையும் நூலிலேயே இருக்கட்டும். தோளில் ஒரு பின், மடிப்பில் ஒரு பின் போதும். நூல் துணியில் பின் பெரிய ஓட்டை போடும், முந்தானையை ஒரு தரம் மடித்துக் குத்துங்கள். நிறம் எதுவானாலும் சரி, கண்ணைப் பறிக்காமல் இருந்தால் போதும். தாலிக்கொடி, சின்னத் தோடு. கை நிறைய வளையல் போட்டால் பேப்பர் எடுக்கும்போது சத்தமும் வரும், பிள்ளையின் கையிலும் உரசும்.

முக்கியமானதை விட்டுவிட்டேன், பிளவுஸ். நூல் சாறியை அம்மா தந்தா, பிளவுஸும் அம்மாவுடையதா? அப்படியென்றால் இன்றைக்கே போட்டுப் பாருங்கள். கையைத் தூக்கும்போது அக்குளில் இறுக்கினால் தையல் அக்காவிடம் கொடுத்துத் தையலைப் பிரித்து விடச் சொல்லுங்கள். புதன்கிழமை இரவு போட்டுப் பார்த்தால் ஒன்றும் செய்ய ஏலாது.

ஞாயிற்றுக்கிழமை சாறியை முழுக்க உடுத்து ஒரு மணித்தியாலம் வீட்டில் நில்லுங்கள். கதிரையில் இருந்து எழும்புங்கள், மகளைத் தூக்குங்கள், பைலிலிருந்து மூன்றாவது பேப்பரை எடுங்கள். அன்றைக்குப் போடப்போகிற செருப்பையே போடுங்கள், உயரம் மாறினால் சாறி நிலத்தில் இழுபடும். இந்தக் காற்றில் ஸ்கூட்டி வேண்டாம் மகள். முந்தானை சில்லுக்குள் போன கதைகள் எனக்கு நிறையத் தெரியும். ஓட்டோவுக்குச் சொல்லிவையுங்கள்.

மருதமுனை ராத்தா:

டீச்சர் சொன்னது முழுக்கச் சரி. எங்கள் வீட்டில் தறி இருக்கிறது, அதனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். யாராவது புதுக் கைத்தறிச் சாறி வாங்கிக் கட்டலாம் என்று யோசித்தால், வாங்கின அன்றைக்கே கட்டாதீர்கள். தனியாக உப்புத் தண்ணியில் ஒரு தரம் அலசி நிழலில் காயவையுங்கள். சாயம் விடுகிறதா என்றும் தெரியும், துணியும் படியும். முழுக்கக் காயுமுன், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணினால் மடிப்பு நிற்கும். இந்த அவசரத்தில் இவ்வளவும் வேண்டாம், அதனால் உங்களுக்கு அம்மாவுடைய சாறிதான்.

நான் என் மகனுக்கு ஹபாயாவோடுதான் போனேன், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குத் தண்ணிப் போத்தலும் ஒரு பிஸ்கட் பக்கெட்டும் கொண்டுபோங்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பதினொன்றரை வரைக்கும் வெளியே வாங்கில் இருந்தோம்.

களுவாஞ்சிகுடி சாந்தி:

எல்லாரும் சாறி என்றே முடிவு கட்டிவிட்டீர்கள். நான் போன வருடம் சல்வாரோடு போனேன். இளநீல நிறம், முழங்காலுக்குக் கீழே நீளம், துப்பட்டாவை இரண்டு பக்கமும் பின் குத்தினேன். பிள்ளைக்கு இடம் கிடைத்தது.

2019இல் அரச அலுவலகங்களில் வேலை செய்யும் பெண்கள் சேலையோ ஒசரியோ (கண்டிச் சேலை) உடுத்தவேண்டும் என்று சுற்றறிக்கை போட்டார்கள். எதிர்ப்பு வந்ததும் அதை மாற்றவேண்டி வந்தது. 2022 நவம்பரில் ஆசிரியைகள் சிலர் சேலை இல்லாமல் வசதியான உடுப்பில் பாடசாலைக்கு வந்தது நாடு முழுக்கப் பேச்சானது. படிப்பிக்கிறவர்களே கேட்கிற நேரத்தில், பிள்ளையைச் சேர்க்க வருகிற தாயை வாசலில் மறிப்பது நியாயமே இல்லை. பாமசியில் ஆறு நாளும் நின்று உழைக்கிற ஒருவருக்கு அவருடைய தினசரி உடுப்பு மரியாதையான உடுப்புத்தான். அக்கா, கடிதத்தில் உடை பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அலுவலகத்துக்கு ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள்.

ஆரையம்பதி டீச்சர்:

சாந்தி சொல்வதில் பிழையே இல்லை. தாய்மாரை உடுப்புக்காக வாசலில் திருப்பி அனுப்புவது பிழை, சேவையில் இருந்த காலத்திலும் நான் அதைச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மகள் சேர்ந்த பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழும்பிக் கேளுங்கள், பக்கத்தில் இருக்கிற பத்து அம்மாமாரும் சேர்ந்து கேட்பார்கள். வியாழக்கிழமை காலையில் வாசலில் நிற்பவரோடு வாதாடினால் உங்கள் முறை தவறிவிடும். கோல் எடுத்துக் கேட்பது நல்ல யோசனை. சல்வார் சரி என்று சொன்னால், யார் சொன்னது என்று பெயரையும் கேட்டு எழுதிவையுங்கள்.

புளியந்தீவு அம்மா:

எல்லாருக்கும் நன்றி. கடிதத்தில் உடுப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. கோல் எடுத்தேன், "மரியாதையா வந்தால் போதும்" என்றார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறதுக்குள் வைத்துவிட்டார்கள். சரி, சாறியே உடுப்போம் என்று முடிவெடுத்தேன். அம்மாவின் சாம்பல் நிறச் சாறி, கரையில் மெல்லிய மரூன் கோடு.

நேற்று ஞாயிறு டீச்சர் சொன்னபடி உடுத்துப் பார்த்தேன். மகள்தான் அதிபர். கதிரையில் கால் எட்டாமல் இருந்துகொண்டு "பில் எங்க?" என்று கேட்டாள். எடுக்கப் போனபோது பிளவுஸ் தோளில் பிடித்தது. அம்மாவை விட எனக்குத் தோள் அகலம். பக்கத்து வீட்டு தையல் அக்கா இரண்டு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தந்தா. பில்களை வருட வாரியாகப் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, உறைக்கு மேலே வருடத்தைப் பெரிதாக எழுதிவிட்டேன், காற்றடித்தாலும் பறக்காது. ஓட்டோவுக்கு ஏழரைக்குச் சொல்லியிருக்கிறேன். பிஸ்கட்டும் வாங்கியாச்சு, மகள் இப்போதே ஒன்றை எடுத்துவிட்டாள்.