எண்டோவுக்கு (எண்டோமெட்ரியோசிஸ், கருப்பை உள்சவ்வு மாதிரித் திசு கருப்பைக்கு வெளிய வளர்ற நோய்) ஹார்மோன் மாத்திரை எடுக்கிறவங்க, பக்கவிளைவை எப்படிச் சமாளிக்கிறீங்க?

வெண்பா_அம்மா

லேப்ராஸ்கோப்பி பண்ணி இடது ஓவரியில இருந்த சாக்லேட் சிஸ்ட்டை (பழைய ரத்தம் தேங்கின கட்டி) எடுத்தாச்சு. திரும்ப வராம இருக்க டயனோஜெஸ்ட் 2 மி.கி., தினம் ஒண்ணு. வலி நல்லாவே குறைஞ்சிருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன். மாசாமாசம் பாத்ரூம் தரையில சுருண்டு கிடந்தவ நான். ஆனா இந்த ஸ்பாட்டிங், அதான் கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் படறது, என்னை உலுக்கி எடுக்குது. பழுப்பு நிறத்துல, நின்னுடுச்சுன்னு நினைச்சா மறுநாள் மறுபடியும். முன்னாடியாவது எப்போ வரும், எப்போ நிக்கும்னு தெரியும்.

எங்க வீட்டுல இன்னும் நாள் கணக்கு பார்ப்பாங்க. போன வரலட்சுமி நோன்பு அன்னைக்கு நடந்ததுதான் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. தலைக்குக் குளிச்சு, ஈரத் தலையில துண்டோட, வெத்தலை பாக்குத் தட்டை எடுத்துக்கிட்டு பூஜை ரூம் வாசல் வரைக்கும் போயிட்டேன். அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் உக்காந்திருக்காங்க. மாமியார் நிலைப்படியில நின்னுக்கிட்டு, "உனக்குத்தான் இன்னும் நிக்கலையே, நீ ஹால்லயே இரும்மா"ன்னாங்க. கோபமாக்கூடச் சொல்லல. எதிர்வீட்டு மாமி உடனே, "இத்தனை நாளாவா? கேன்சரா இருக்கப்போகுது, நல்லா பாத்தீங்களா?"ன்னு கேட்டாங்க. எல்லார் கையிலயும் சரடு கட்டி முடிச்சாங்க. எனக்குன்னு வச்ச சரடு, அதுல முடிஞ்ச பூவோட, தட்டுலயே கிடந்துச்சு.

டாக்டர் "பொறுங்க, உடம்பு பழகிடும்"னு சொல்றாங்க. யாருக்காவது உண்மையிலேயே நின்னுச்சா? எவ்வளவு நாள் ஆச்சு? வீட்டுல என்ன சொல்லிச் சமாளிச்சீங்க?

ஓ.எம்.ஆர்_பொண்ணு

எனக்குப் பிரச்சனை ரத்தத்துல வரல, கண்ணுல வந்துச்சு. ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்த சாதாரண கருத்தடை பில்ஸ்தான் கொடுத்தாங்க, நடுவுல கேப் விடாம தொடர்ந்து போடச் சொல்லி. வலி போச்சு. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு மதியம் ஆபீஸ்ல கிளையன்ட் மெயில் படிச்சுக்கிட்டிருக்கேன், வரியோட நடுவுல எழுத்தைக் காணோம். கண்ணைக் கசக்கிப் பாத்தேன். காணாமப் போன இடத்தைச் சுத்தி மின்னுற மாதிரி கோணல்மாணலா ஒரு வெளிச்சக் கோடு, அது மெதுவா விரிஞ்சு விரிஞ்சு மானிட்டரோட பாதியை முழுங்கிடுச்சு. பக்கத்து சீட்டு அண்ணன் பேசறாரு, அவர் முகத்துல ஒரு பக்கம் எனக்குத் தெரியல. அப்புறம் இடி மாதிரி தலைவலி.

மாத்திரை எழுதினவங்க, ஒத்தைத் தலைவலி உண்டான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல. வேற டாக்டர்கிட்ட போனப்ப அவங்க முதல்ல கேட்டதே அதைத்தான். அன்னைக்கே நிறுத்தச் சொல்லிட்டாங்க. இப்படிக் கண்ணுல வெளிச்சம் தெரிஞ்சு வர்ற மைக்ரேன் இருக்கிறவங்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த பில்ஸ் பக்கவாத ஆபத்தைக் கூட்டும்னு சொன்னாங்க. இப்போ ஈஸ்ட்ரோஜன் இல்லாத மாத்திரை. உங்க யாருக்காவது இந்த வெளிச்சம் தெரிஞ்சா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாம டாக்டர்கிட்ட போங்க.

வெண்பாக்கா, அந்த மாமி கேட்டதை நினைச்சா எனக்கே கோபம் வருது.

கற்பகம்_திண்டுக்கல்

நானும் பட்டவதான். பில்ஸ் போட்டேன், உடம்பு ஊதிப்போச்சு, முடி கொத்துக் கொத்தா கையோட வந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன். அவ்வளவுதான் என் கதை.

இந்த ஹார்மோன் எல்லாம் உடம்புக்கு ஆகாதும்மா. நான் சொல்றதைக் கேளுங்க. காலையில வெறும் வயித்துல மலைவேம்பு இலைச் சாறு, மாதவிலக்கான முதல் மூணு நாள். எள்ளுருண்டை தினம் ஒண்ணு. கழற்சிக்காய்ப் பொடி மோர்ல. கறிக்கோழியை அடியோட நிறுத்துங்க. மைதாவும் அப்படித்தான், புரோட்டா பக்கமே போகாதீங்க. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலா பனங்கருப்பட்டி. வாரம் ரெண்டு நாள் நல்லெண்ணெய்க் குளியல், அடிவயித்துல விளக்கெண்ணெய் தடவி ஒத்தடம். உளுந்தங்களி வயசுக்கு வந்த நாள்லேர்ந்து சாப்பிட்டிருந்தா இந்தக் கஷ்டமே வந்திருக்காது, இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க சாப்பிடுது. ராத்திரி சீக்கிரம் தூங்கணும். வலி வந்தா வலி மாத்திரை ஒண்ணு போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான். கல்யாணம் ஆகாதவங்க சீக்கிரம் பண்ணிக்கிட்டு ஒரு குழந்தை பெத்துட்டா கருப்பை சுத்தமாகிடும், எல்லாம் தானா சரியாகும். என் நாத்தனாருக்கு அப்படித்தான் ஆச்சு.

பார்மசி_செல்வி

கற்பகம் அக்கா, உங்க அக்கறை புரியுது. ஆனா "குழந்தை பெத்தா சரியாகும்" மட்டும் வேண்டாம். கர்ப்பமா இருக்கும்போது சிலருக்கு வலி அடங்கும், சிலருக்கு அதுவும் இல்ல, பிரசவத்துக்கு அப்புறம் நிறைய பேருக்குத் திரும்ப வரும். நோய்க்கு மருந்தா குழந்தை பெத்துக்கச் சொல்லாதீங்கன்னு ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவ அமைப்போட (ESHRE) 2022 வழிகாட்டியிலயே எழுதியிருக்கு.

நான் மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கிறவ. எனக்கும் எண்டோ உண்டு, ஆனா என் மனசை அறுக்கிறது இன்னொரு பொண்ணு. காலேஜ் ஐடி கார்டைத் துப்பட்டாவுக்குள்ள மறைச்சுக்கிட்டு, பிரிஸ்கிரிப்ஷனை நாலா மடிச்சு நீட்டினா. பில்ஸ், மூணு அட்டை. எங்க கடை சீனியர் அதை வாங்கிப் பாத்துட்டு, கடையில அஞ்சாறு பேர் நிக்கிறப்போ, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?"ன்னார். அந்தப் பொண்ணு சீட்டைத் திரும்ப வாங்கிக்கிட்டு ஓடிட்டா. நான் கவுண்டரைச் சுத்தி வெளிய வர்றதுக்குள்ள பஸ்ல ஏறிட்டா. நோய் பேரு அந்தச் சீட்டுலயே தெளிவா எழுதியிருந்துச்சு. அவ மாத்திரை வாங்கினாளா, வலியோடயே விட்டுட்டாளான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

இந்த பில்ஸுக்கு அமெரிக்காவுல 1957ல முதல் அனுமதி கிடைச்சதே மாதவிடாய்க் கோளாறுக்குத்தான். கருத்தடைக்குன்னு அனுமதி வந்தது 1960ல. அதுக்கப்புறம் பிறந்தவங்கதான் நாம எல்லாரும், இன்னமும் இந்தக் கேள்வி கேக்கறோம்.

இனி மருந்து விஷயம். டயனோஜெஸ்ட் 2 மி.கி.யை மட்டும் நம்பி கருத்தடைன்னு இருந்துடாதீங்க, அது அதுக்குன்னு அனுமதிக்கப்பட்டது இல்ல. தேவைன்னா ஆணுறை மாதிரி ஹார்மோன் இல்லாத வழிதான். தினம் ஒரே நேரத்துல போடுங்க; விட்டுப்போனாலோ, போட்ட கொஞ்ச நேரத்துல வாந்தி, வயித்துப்போக்கு ஆனாலோ ஸ்பாட்டிங் கூடலாம். டிபி மருந்து ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் இதோட வேலையைக் குறைச்சிடும், அதனால வேற டாக்டர்கிட்ட போனாலும் இந்த மாத்திரை எடுக்கிறதைச் சொல்லுங்க. தலைவலி, முகப்பரு, எடை கூடறது, முடி கொட்டறது, மனச்சோர்வு எல்லாமே பெட்டிக்குள்ள இருக்கிற தாள்ல 100ல 1 முதல் 10 பேருக்குன்னு அச்சடிச்சே இருக்கு. அதனால "உங்க கற்பனை"ன்னு யாராவது சொன்னா அந்தத் தாளை நீட்டுங்க.

வெறும் வலி மாத்திரையிலயே ஓட்டறதும் சாதாரண விஷயம் இல்லக்கா. பீரியட்ஸ் வலிக்கு எல்லாரும் கேட்டு வாங்குற மெஃபெனமிக் ஆசிட்டுக்கு 2023 நவம்பர்ல நம்ம இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரிக்கை விட்டுச்சு. அபூர்வம்தான், ஆனா காய்ச்சலும் தோல் தடிப்புமா ஆரம்பிச்சு உள்ளுறுப்பு வரைக்கும் போற ஒவ்வாமை அது. மாத்திரை போட்ட பிறகு உடம்புல தடிப்பு வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

எள்ளுருண்டை, உளுந்தங்களி தாராளமா சாப்பிடலாம். மலைவேம்பு, கழற்சி சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க.

கற்பகம்_திண்டுக்கல்

என் நாத்தனாருக்கு நடந்ததைத்தான் சொன்னேன். அவளுக்கு இப்போ வரைக்கும் வலி இல்ல. கடையில அப்படிக் கேட்டது தப்புத்தான், அந்தப் பொண்ணை நினைச்சா பாவமா இருக்கு.

காரமடை_கவி

வெண்பா, எனக்கு நின்னுச்சு! மாத்திரையில இல்ல, ஹார்மோன் லூப்ல. கருப்பைக்குள்ளயே வச்சிடறது, 5 வருஷத்துக்குன்னு சொன்னாங்க. எனக்கு அடினோமயோசிஸும் (அந்தத் திசு கருப்பைச் சுவருக்குள்ளயே வளர்றது) சேர்ந்து இருந்ததால இதுதான் நல்லதுன்னாங்க. முதல் கொஞ்ச மாசம் உங்களை மாதிரியே தினம் பேட். அப்புறம் குறைஞ்சு குறைஞ்சு, ஒரு நாள் பேட் பாக்கெட்டு தீராம இருக்கிறதைப் பாத்துத்தான் நின்னதே எனக்குத் தெரிஞ்சுது.

ஆனா வைக்கும்போது பட்ட வலி வேற. "லேசா இழுக்கும், ஒரு தடவை இருமுங்க"ன்னாங்க. இருமினேன். தொப்புளுக்குக் கீழ யாரோ உள்ளயிருந்து முறுக்கின மாதிரி, பிரசவத்துலகூட நான் அப்படிக் கத்தல. சிஸ்டர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எண்டோ இருக்கிறவங்களுக்கு இப்படித்தான் இருக்கும் கண்ணு"ன்னாங்க. அப்படின்னா முன்னாடியே தெரியும்தானே? மரத்துப்போற மருந்து உண்டு, மயக்கம் கொடுத்தும் வைக்கலாம், லேப்ராஸ்கோப்பி பண்றப்பவே சேர்த்து வச்சிடவும் முடியும். இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. வைக்கப் போறவங்க முன்கூட்டியே கேளுங்க. கேக்கறது நம்ம உரிமை.

தாடையில பரு வந்துச்சு, இன்னும் வருது. அந்த வலிக்கு இது பரவாயில்லைன்னு விட்டுட்டேன்.

வல்வை_பிள்ளை

எனக்கு குளிசை ஒண்டும் ஒத்துவரேல்ல. கடைசியா ஊசி போட்டவை, லியூப்ரோலைட், மாசத்துக்கு ஒருக்கா. ஈஸ்ட்ரோஜனை அடியோட நிப்பாட்டிறது, உடம்புக்கு மாதவிடாய் நிண்டவை மாதிரி ஆகும் எண்டு டொக்டர் சொன்னவ. முதல் கிழமையில நோவு குறையிறதுக்குப் பதிலாக் கூடினது, அதுவும் வாறதுதானாம்.

தை மாசம், ரொறன்ரோவில சரியான ஸ்நோ. பஸ்ஸுக்கு நிக்கேக்க நெஞ்சுக்குள்ள இருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது, உச்சி எல்லாம் ஏறிச்சுது. ஜக்கெட்டைத் திறந்து, ஸ்கார்ஃபைக் கழட்டி, தொப்பியையும் கழட்டிப்போட்டு அந்தக் குளிருக்குள்ள வேர்த்து வழிய நிண்டனான். பக்கத்தில நிண்ட வெள்ளைக்கார அம்மம்மா ஒராள் என்னைப் பாத்திட்டு, ஒண்டும் கேக்காமல் தன்ர பையைத் துழாவி ஒரு சின்ன விசிறியை எடுத்துத் தந்தா. அவவின்ர வயசுக்காரருக்கு வாறது எனக்கு முப்பது வயசுக்குள்ள வந்திருக்கு எண்டு அவவுக்கு விளங்கிட்டுது போல. பஸ் வந்திட்டுது, அவ விசிறியைத் திருப்பி வாங்கேல்ல. என்ர அம்மாவுக்கு இந்த ஊசியைப் பற்றி நான் இன்னும் சொல்லேல்ல.

பிறகு சின்ன அளவில ஹோர்மோன் சேத்துத் தந்தவை, எலும்புக்குப் பாதுகாப்பு எண்டு. சூடும் நல்லாக் குறைஞ்சிட்டுது. ஊசி தொடங்கேக்கையே அதைக் கேளுங்கோ, பிறகு பாப்பம் எண்டு விடாதேங்கோ.

நெல்லை_தாய்

என் மகளுக்கு பிளஸ் டூ. பரீட்சைக்குப் போக முடியாம மயங்கி விழுந்த பிறகுதான் எண்டோவா இருக்கலாம்னு சொல்லி டயனோஜெஸ்ட் ஆரம்பிச்சிருக்கு. பிள்ளை இப்போ ஒழுங்கா ஸ்கூலுக்குப் போறா. போன வாரம் எங்க பெரியம்மா வந்திருந்தப்போ பீரோவுல அட்டையைப் பாத்துட்டு, "வயசுப் பிள்ளைக்கு என்னத்தைக் கொடுத்து வச்சிருக்க"ன்னு சத்தம் போட்டுட்டாக. மகள் அந்த ரூம்லயேதான் இருந்தா. அன்னைலேர்ந்து தண்ணி குடிக்கிற சாக்குல அடுக்களைக்குப் போய், கதவுக்குப் பின்னாடி நின்னு மாத்திரை போடுறா.

எலும்பு தேயும்னு ஒரு இடத்துல படிச்சேன். பயமா இருக்கு. வளர்ற பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

பார்மசி_செல்வி

அம்மா, நீங்க படிச்சது பொய் இல்ல, ஆனா பயப்படற அளவுக்கும் இல்ல. 12லேர்ந்து 18 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்கு ஒரு வருஷம் கொடுத்துப் பாத்ததுல, இடுப்புப் பக்கம் முதுகெலும்போட அடர்த்தி சராசரியா 1.2% குறைஞ்சுது. நிறுத்தின பிறகு ஓரளவு திரும்பவும் ஏறுச்சு. அதனால எவ்வளவு காலம் கொடுக்கப் போறீங்க, எலும்பு அடர்த்தி ஸ்கேன் எப்போன்னு டாக்டர்கிட்ட நேராக் கேளுங்க. வைட்டமின் டி அளவும் பாக்கச் சொல்லுங்க. கேழ்வரகு, எள்ளு, பால், வெயில்ல விளையாட்டு, இதெல்லாம் நல்லது. எள்ளு விஷயத்துல மட்டும் கற்பகம் அக்கா சொன்னதை நான் அப்படியே ஆமோதிக்கிறேன்.

பெரியம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க, "இது அவ நோய்க்கு மருந்து"ன்னு. மகள் காதுல விழற மாதிரி சொல்லுங்க.

மழைக்கால_மேகலா

யாரும் மனசைப் பத்திப் பேசல, அதனால எழுதறேன். எனக்கும் டயனோஜெஸ்ட்தான். ஸ்பாட்டிங் இல்ல, வலி இல்ல, ஸ்கேன்ல சிஸ்ட் சுருங்கிடுச்சு. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் எதுவுமே தோணல. ஒரு சாயங்காலம் குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு, நான் அடுப்புக்கு எதிர்லதான் உக்காந்திருக்கேன், எழுந்து அணைக்கணும்னு தெரியுது, கை எழும்பல. பருப்பு தீஞ்ச வாசனை வந்து வீட்டுக்காரர் ஓடிவந்து அணைச்சார். திட்டல. "உனக்கு என்ன ஆச்சு, நீ இப்படி இல்லையே"ன்னார். அப்போதான் அழுகையே வந்துச்சு, ரொம்ப நாளைக்கப்புறம்.

டாக்டர்கிட்ட சொன்னா, "வீட்டுல ஏதாவது பிரச்சனையா?"ன்னு கேட்டாங்க. வலி போயிடுச்சுல்ல, அப்புறம் என்னன்னு அவங்க முகத்துல எழுதியிருந்துச்சு. அந்தக் கேள்விதான் எனக்கு இன்னும் ஆறல. அடுத்த தடவை வீட்டுக்காரரையும் கூட்டிக்கிட்டு, என்னைக்கு மாத்திரை ஆரம்பிச்சேன், என்னைக்குத் தூக்கம் கெட்டுச்சு, என்னைக்குப் பேச்சு குறைஞ்சதுன்னு தேதி போட்டு எழுதின நோட்டையும் எடுத்துக்கிட்டு வேற டாக்டர்கிட்ட போனோம். அவங்க நோட்டை முழுசாப் படிச்சாங்க. மருந்தை மாத்தினாங்க, மனநல மருத்துவரையும் பாக்கச் சொன்னாங்க. இப்போ நான் நானா இருக்கேன். வலி கொஞ்சம் திரும்ப வந்திருக்கு, அதுக்கு இடுப்புத்தசை பிசியோதெரபி போயிட்டிருக்கேன்.

செத்துடலாம்னு தோணற அளவுக்குப் போனா அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க. 14416க்குக் கூப்பிடுங்க, அரசாங்கத்தோட டெலி-மனாஸ், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது இந்த மாத்திரை மனசையும் தொடலாம்னு முன்னாடியே சொல்லி வைங்க. எனக்கு நடந்ததை நானாக் கண்டுபிடிக்கல, அவர்தான் பாத்தார்.