மின்வாயா, மின்னொற்றியா?

ஐயா, வணக்கம்.

தசையின் மின்னழுத்தத்தை அளக்கத் தோல்மேல் ஒட்டும் 'சர்ஃபேஸ் எலக்ட்ரோடு' பட்டைக்கு 'மேற்பரப்பு மின்வாய்' என்று நீங்கள் தந்த சொல்லில் இலக்கணக் குறை ஏதுமில்லை. நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று பள்ளியிலேயே படித்தவர்கள்தானே நாம். என் சிக்கல் வேறு. குன்னூரில் கொழுந்து பறிக்கும் அக்காமாரின் தோள்தசையை அளந்துகொண்டிருக்கிறேன். பட்டையை எடுத்ததுமே, "கரண்டு வைக்கப் போறீங்களா சார்?" என்று கையை இழுத்துக்கொள்கிறார்கள். வலிக்கு வைக்கும் பட்டைதான் மின்சாரத்தை உள்ளே அனுப்பும். இது, தசை சுருங்கும்போது தானாக எழும் மின்னழுத்தத்தைத் தோல்மேல் இருந்தபடி கேட்கிறது, அவ்வளவே. மிஞ்சிப்போனால் சில மில்லிவோல்ட். கேட்கிற பொருளுக்கு வாய் என்று பெயர் வைத்தால் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

அதனால் 'மின்னொற்றி'. ஒற்றுதல் மெல்லத் தொட்டு அழுத்துவது. ஒத்தடம் அதில் பிறந்ததுதான். வேவு பார்ப்பதும் ஒற்று. வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

ஒட்டும் இடத்துக்கும் இது பொருந்துகிறது. கழுத்தையும் தோளையும் இணைக்கும் மேல் டிரப்பீசியஸ் தசைக்கு, கழுத்தடியில் துருத்தும் முள்ளெலும்புக்கும் தோள்முனைக்கும் நடுவில், தசையிழை ஓடும் திசையிலேயே இரண்டு பட்டைகள். மையத்திலிருந்து மையத்துக்கு 20 மி.மீ. தசைமின் அளவீட்டை ஒழுங்குபடுத்த ஐரோப்பாவின் செனியம் (SENIAM) திட்டம் 1990களில் வகுத்த முறை இது. ஒப்பீட்டுக்கான மூன்றாவது பட்டை, தசையில்லாத எலும்பு மேட்டில். இடம் தவறினால் பக்கத்துத் தசையின் பேச்சும் சேர்ந்து விழும். வீடு மாறி நுழைந்த ஒற்றன் கதைதான். (மார்கழிக் காலையில் வேறு தொல்லை. குளிர் நடுக்கமே திரை முழுக்க ஓடும். டீ கொடுத்து, உடம்பு சூடேறிய பிறகே ஒட்டுகிறேன்.)

---

தம்பி,

எங்கள் நாஞ்சில் பக்கம் ஒற்றி என்றால் நிலத்தை அடகு வைப்பது! அது கிடக்கட்டும். பட்டையிலுள்ள வெள்ளி, வெள்ளி குளோரைடு பரப்பில் அயனி ஓட்டம் எலக்ட்ரான் ஓட்டமாக மாறுகிறதே, அந்த வேலையைச் செய்வது மின்வாய்தான். கேட்டாலும் கொடுத்தாலும் குடும்பப் பெயரை விடக்கூடாது. 'ஒற்றுமின்வாய்' என்று வினைத்தொகையாக வையுங்கள், ஊறுகாய் போல. கரண்டு வைப்பதற்கு 'ஊட்டுமின்வாய்'. சோடி சேர்ந்துவிடும்.

---

ஐயா,

சோடி அருமை. ஆய்வேட்டில் அப்படியே எழுதுகிறேன். பேச்சுக்குத்தான் நீளம். நேற்று ஓர் அக்காவிடம், "இது கரண்டு வைக்காதுக்கா, சதை பேசுறதை ஒட்டுக்கேக்கும்" என்றேன்.

"அப்ப ஒட்டுக்காதுன்னு சொல்லுங்க" என்று தோளைக் காட்டினார்.

இதையும் பட்டியலில் சேர்க்கலாமா?